குறைந்தது ஒருவராவது

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. சக்கரத்தை முதலில் உருட்டியவன் யார் என்பதும் தெரியாது. மனித குலத்தின் அடுத்த பெரும் பாய்ச்சலில் அப்படியொரு குறை நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கண்டுபிடித்தவரின் பெயர், பட்டங்கள், கோட்டு போட்ட புகைப்படம் ஆகிய மூன்றும் பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட இடம், புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் அறிவிப்புப் பலகை. அதற்குக் கீழே 'சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவி வைக்கவும்' என்ற கேன்டீன்காரரின் வேண்டுகோள் இருந்தது. அதையும் யாரும் படித்ததில்லை.

அறிவிப்பின் சாரம் இது. கண்காணிப்பாளர் வேண்டாம், கேமரா வேண்டாம், யாரும் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்கவும் வேண்டாம். வெறும் நிகழ்தகவைக் கொண்டே, தேர்வில் காப்பியடித்தவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த முறையைப் புள்ளியியல் துறைத் தலைவர் முனைவர் எழிலரசன் உருவாக்கியிருக்கிறார். அது உடனே அமலுக்கு வருகிறது. வந்துவிட்டது. இருவர் பிடிபட்டும் விட்டார்கள்.

எழிலரசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரி நகரப் பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை என்பதை இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில் நிறுவி முனைவர் பட்டம் பெற்றவர். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், ஆனால் ஒரு வரிக்கு யாரும் பட்டம் தருவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே கல்லூரியில், அதே அறையில், அதே நோட்ஸைச் சொல்லி எழுதவைத்து வருகிறார். நோட்ஸ் என்றால் சாதாரண நோட்ஸ் அல்ல. கால்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஆரம்பம், அடைப்புக்குறி முடிவு என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லி, வகுப்பு முழுக்க நடந்துகொண்டே எழுதவைப்பார். தேர்வில் நோட்ஸில் உள்ளபடி எழுத வேண்டும். சொந்தமாக யோசித்து எழுதினால், சரியாகவே இருந்தாலும், 'இதை யார் உனக்குச் சொன்னது?' என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி வரும். அதற்கு யாருமே சொல்லவில்லை என்று பதில் எழுத அங்கே இடம் இருக்காது. கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்ஸ் ஸ்பைரல் பைண்டிங்கில் கிடைக்கும். கையால் எழுதினவர்களும் அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தால் என்ன செய்வது.

அந்த மாதம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அறுபத்திரண்டு பேருக்கு ஓர் அகமதிப்பீட்டுத் தேர்வு நடந்தது. இருபத்தைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்விகளையும் விடைக்குறிப்பையும் எழிலரசன் தயாரிக்கவில்லை. வெளியூர்க் கம்பெனி ஒன்றிடமிருந்து இரண்டும் ஒரே உறையில் வந்தன. அவர் கேள்விகளை அச்சுக்கும், விடைக்குறிப்பைக் கணினிக்கும் கொடுத்தார். இரண்டையும் படித்துப் பார்க்கவில்லை.

கணினி அறுபத்திரண்டு விடைத்தாள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. எல்லா விடைகளும் அச்சு அசலாக ஒத்துப்போன ஜோடி ஒன்றே ஒன்று கிடைத்தது. கலைமகள், ஜோசப் ஆனந்த். ஆளுக்குப் பதினெட்டு சரி, ஏழு தவறு. பெயர் வரிசைப்படி அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் வேறு.

எழிலரசன் பெருந்தன்மையானவர். பதினெட்டு சரியான விடைகள் ஒத்துப்போனதை அவர் மன்னித்துவிட்டார், படித்த பிள்ளைகள் சரியான விடையில் சந்தித்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு தவறுகள்? ஒரே கேள்விக்கு இரண்டு பேர் ஒரே விடையில் கைவைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஏழு கேள்விகள், ஆகவே நான்கை ஏழு தரம் பெருக்கு. பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு. இவர்கள் குற்றமற்றவர்களாக இருப்பதற்குப் பதினாறாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் இருவரும் இந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாது.

கலைமகள் வைத்திக்குப்பத்துப் பெண். அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா ஆயம்மா, காலையில் கரையில் எடுத்த மீனை அன்னக்கூடையில் வைத்துச் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். கலைமகளுக்கு ஒரு செமஸ்டர் என்பது ஆறு மாதம் மட்டும் அல்ல. அவளுடைய அக்கா செந்தமிழ்ச்செல்வி, பன்னிரண்டாவது முடித்ததும் 'ஒரு வருஷம் இருந்துட்டுச் சேரலாம்' என்று வீட்டில் நின்றவள். அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது எட்டு வயது. ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிறாள், விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். அந்த வீட்டில் படிப்பு நின்றால் நின்றதுதான். யாரும் வேண்டுமென்று நிறுத்துவதில்லை, மறுபடி தொடங்குவதற்கு யாருக்கும் கைவருவதில்லை, அவ்வளவுதான்.

ஜோசப் ஆனந்துக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. அவன் திங்கட்கிழமை மதியமே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்தக் கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் என்பது மூச்சு விடுவது மாதிரி. லேட்டாக வந்தால் மன்னிப்புக் கடிதம். போன் அடித்தால், காலர் இல்லாத சட்டை போட்டால், லைப்ரரியில் சிரித்தால் மன்னிப்புக் கடிதம். ஒரு மாணவர் மூன்று ஆண்டில் சராசரியாகப் பதினொரு கடிதம் எழுதுகிறார் என்று ஒரு சீனியர் கணக்கெடுத்திருக்கிறான், அதற்காகவும் ஒன்று எழுதினான். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த படிவமே உண்டு. பெயரையும் குற்றத்தையும் நிரப்பினால் போதும். தப்பு செய்தவன் எழுதுவது, செய்யாதவன் எழுதுவது என்ற வேறுபாடெல்லாம் அங்கே வழக்கொழிந்து பல காலம் ஆகிறது. அலுவலகத்தில் கேட்டார்களா, எழுதிக் கொடு, வகுப்புக்குப் போ.

ஆனால் காப்பியடித்ததற்கான படிவத்தில் கூடுதலாக ஒரு கோடிட்ட இடம் இருந்தது. யாரைப் பார்த்து எழுதினாய்? ஜோசப் ஆனந்த் யோசித்துப் பார்த்து அதையும் நிரப்பினான்.

"எம் பேரைப் போட்டியாமே" என்று கலைமகள் அவனை மாடிப்படியில் பிடித்துக் கேட்டாள்.

"வேற யாரு பேரைப் போடறது கலை? உம் பேரும் எம் பேருந்தான் நோட்டீஸ்ல இருக்குது."

"நீ என்னைப் பாத்து எழுதினியா?"

"இல்லையே. நான் எதுக்கு உன்னப் பாக்கப் போறேன். எல்லாம் எனக்கே தெரியுமே." அவன் குரலில் லேசான மனத்தாங்கல் கூட இருந்தது. "நீயும் எழுதிக் குடுத்துரு. என்னைப் பாத்து எழுதினேன்னு போடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வார்னிங் குடுத்து உட்ருவாங்க."

விட மாட்டார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. பார்த்து எழுதியவனுக்கு எச்சரிக்கை, விடையைக் காட்டியவளுக்குத் தடை என்று எழிலரசன் துறையில் பேசிக்கொண்டிருந்தாராம். பார்த்து எழுதியவன் ஒப்புக்கொண்டுவிட்டான், இவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதுவே கூடுதல் குற்றம். அலுவலகத்தில் அவளுக்கும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. கல்லூரி வரலாற்றில் அப்படி ஒருத்தர் வாங்காமல் போனது அதுவே முதல்முறை என்றும், படிவத்தை எந்தக் கோப்பில் திரும்ப வைப்பது என்று தெரியாமல் தவித்துப்போனதாகவும் அலுவலகக் கண்காணிப்பாளர் கொளஞ்சி பிற்பாடு சொன்னார்.

அவள் செய்தது வேறு காரியம். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்கினாள். சிலர் தரத் தயங்கினார்கள், காப்பியடித்த பெண்ணிடம் கொடுத்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று. மூன்று நாளில் அவளுடையதையும் சேர்த்து ஐம்பத்தேழு தாள்கள் சேர்ந்தன. கட்டம் போட்டு எண்ணினாள்.

அந்த ஏழு கேள்விகளில், அவளையும் ஜோசப் ஆனந்தையும் சேர்த்து, ஐம்பத்தொரு பேர் அதே ஏழு தவறான விடைகளை எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் மீதிக் கேள்விகளில் ஆளுக்கொரு விதமாகத் தவறு கூடுதலாகச் செய்திருந்ததால்தான் கணினியில் சிக்கவில்லை. ஐந்து பேர் ஏழில் சிலதைச் சரியாகவும் சிலதைத் தவறாகவும் போட்டிருந்தார்கள். ஒரே ஒருவன் ஏழையும் சரியாகப் போட்டிருந்தான். குருசுக்குப்பத்துச் செம்மல். மொத்தம் பதினாறு மதிப்பெண்.

செம்மல் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்கிற மாணவன் அல்ல. வகுப்பில் பாதி நாள் இருக்க மாட்டான், இருக்கிற நாளில் தூங்குவான். நோட்ஸை முதலாம் ஆண்டிலேயே டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவன். மறுபடி வாங்க மனமில்லாமல், கணக்குகளைத் தானே போட்டுப் பார்க்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவன்.

கேன்டீனில் அவனைப் பிடித்து, இந்த ஏழும் எப்படி வந்தது என்று கேட்டாள். ஏழும் ஒரே ஜாதிக் கேள்விகள், நோட்ஸில் மூன்றாவது அத்தியாயம். பத்து மாணவர்கள் உள்ள குழுவில் நான்கு பேர் பெண்கள், இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்கிற மாதிரி. நோட்ஸில் வழி சுலபம். முதல் ஆளுக்குப் பத்தில் நான்கு, இரண்டாவது ஆளுக்குப் பத்தில் நான்கு. கூட்டு, பத்தில் எட்டு. விடை ஐந்தில் நான்கு. கலைமகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

செம்மல் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்திலிருந்து பத்து கடலையை மேசையில் வைத்தான். நான்கின் தோலை உரித்தான்.

"இது நாலும் பொண்ணு. ரெண்டு பேரை எடுத்தா பத்துல எட்டுன்றாரு. சரி, வச்சுக்க. மூணு பேரை எடு."

அவள் மனசுக்குள் கூட்டினாள். "பத்துல பன்னண்டு."

"ஆங். நூத்துக்கு நூத்தி இருவது. அதுக்கு இன்னா அர்த்தம் சொல்லு."

அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. அர்த்தம் இருக்குமோ என்று அதுவரை தேடியதும் இல்லை.

"நம்ம எடுக்காங்காட்டியும் அதுவா ஒரு பொண்ணு வந்து உக்காந்துக்கும் போல" என்று செம்மல் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு, ஒரு பெண் கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்து அதை ஒன்றிலிருந்து கழித்தால் போதும் என்றான். போட்டுக் காட்டினான். மூன்றில் இரண்டு வந்தது. விடைக்குறிப்பிலும் அதுதான்.

கலைமகள் மேசையில் மிஞ்சின கடலைகளைப் பார்த்தபடி இருந்தாள். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டு வருஷமாக வீட்டில் எல்லோரும் டிவி பார்க்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் உருப்போட்டது இது. தெரு முழுக்க அவளைக் கணக்கில் புலி என்று சொல்லும். அவளும் ஜோசப் ஆனந்தும் குற்றவாளிகளானதற்கு ஒரே காரணம், நோட்ஸை ஒரு எழுத்து விடாமல் படித்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான் என்பது. இன்னும் எத்தனை அத்தியாயம் இப்படி என்று கேட்க நினைத்தாள். செம்மல், அவளிடம் இருந்த தன் விடைத்தாளைக் கசக்காமல் திருப்பித் தா என்றான், மார்க் தெரிய வீட்டில் காட்ட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு முதல்வர் அறையில் கூடியது. முதல்வர் சூசைநாதன் பாரிசில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். பன்னிரண்டாவது மாதம் குளிர் தாங்கவில்லை என்பார்கள். அங்கிருந்து கொண்டுவந்ததில் இன்னும் புழக்கத்தில் இருப்பது 'தாக்கோர்' என்ற ஒரு சொல். சம்மதம் என்று பொருள். எதிரில் இருப்பவர் சம்மதிப்பதற்கு முன்பே அதை அவர் சொல்லிவிடுவார். குழுவின் இரண்டாவது உறுப்பினர் எழிலரசன், புகார் கொடுத்தவரும் அவரே. கொளஞ்சி குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஐந்நூறு புத்தகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன.

ஆயம்மா மீன் விற்ற கையைக் கழுவி, புடவை மாற்றி வந்திருந்தாள். உள்ளே வந்ததும் யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே கும்பிட்டு, சின்னப் பெண், தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதிகாரி முன்னால் போனால் முதலில் சொல்ல வேண்டியது அது என்று அவள் அறிந்து வைத்திருந்தாள். ரேஷன் கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிப் பழகியதுதான். 'பெற்றோர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்' என்று கொளஞ்சி எழுதினார்.

எழிலரசன் எழுந்து நின்று பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கை விளக்கினார். எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை, அறையில் ஐந்து பேர்தான். ஆனால் அந்த எண்ணை உட்கார்ந்துகொண்டு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கலைமகள் தன் கட்டம் போட்ட தாளை மேசையில் வைத்தாள். ஐம்பத்தேழு பேரில் ஐம்பத்தொரு பேர் இதே ஏழு விடைகளை எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

எழிலரசன் தாளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் ஐம்பத்தொரு பேருமே காப்பியடித்திருக்கிறார்கள் என்றார். நான்கின் அடுக்கில் இதைக் கணக்கிட்டால் வருகிற எண் உலகில் இதுவரை எங்கும் பதிவாகியிராது என்று கொளஞ்சியிடம் கால்குலேட்டர் கேட்டார்.

முதல்வரின் பேனா நின்றது. பதினான்காம் தேதி கல்லூரியைத் தரம் பார்க்கத் தரச்சான்றுக் குழு வருகிறது. ஒரு வகுப்பில் ஐம்பத்தொரு காப்பி.

"காப்பி இல்ல சார்" என்றாள் கலைமகள். "நோட்ஸ்ல மூணாவது சாப்டர். சார் சொன்னதத்தான் எல்லாரும் எழுதினோம். அதுதான் தப்பு."

"எது தப்பு?" என்றார் எழிலரசன்.

"பத்துல நாலு பொண்ணு, ரெண்டு பேரை எடுத்தா பத்துல எட்டு. மூணு பேரை எடுத்தா எவ்வளோ வரும் சார்?"

கால்குலேட்டர் இன்னும் கொளஞ்சி கையில்தான் இருந்தது. அவர் பழக்கதோஷத்தில் தட்டிப் பார்த்து, ஒன்று புள்ளி இரண்டு என்று வாசித்தார். பிறகு தான் வாசித்ததைத் தானே நம்பாமல் மறுபடி தட்டினார். மறுபடியும் ஒன்று புள்ளி இரண்டுதான்.

"ஒன்றைத் தாண்டுகிற நிகழ்தகவெல்லாம் பிஎச்.டி. லெவலில் வரும்" என்றார் எழிலரசன். "இவங்களுக்கு இப்ப அது வேண்டாம்."

முதல்வர் கணிதம் படித்தவர் அல்ல, பிரெஞ்சு இலக்கியம். ஆனால் அவருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கழுத்து வியர்ப்பதைப் பார்க்கத் தெரியும். அவர் சுவரோரம் இருந்த புத்தகக் கட்டுகளைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு நோட்ஸ் நூலாக அச்சாகி, 'எமது கல்லூரியின் தலைசிறந்த நடைமுறை' என்று அட்டையில் பொறித்து, தரச்சான்றுக் குழுவின் கையால் வெளியிடுவதற்காகக் காத்திருந்தது. அவர் தாயையும் மகளையும் சற்று வெளியே இருக்கச் சொன்னார்.

நாற்பது நிமிடம் ஆனது. வராந்தாவில் ஆயம்மா, என்ன சொன்னார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். கலைமகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் படிச்சதெல்லாம் தப்பும்மா, அதனால நான் தப்பு பண்ணலை என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. சொல்லிப் பார்த்தால் தனக்கே புரியவில்லை.

உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. முதல்வர் சிரித்தார். குழு அவளுடைய வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். அவள் காப்பியடிக்கவில்லை. யாரும் காப்பியடிக்கவில்லை. வெளியூர்க் கம்பெனியின் விடைக்குறிப்பில் ஏழு இடங்களில் பிழை நேர்ந்திருக்கிறது, அது இப்போது நோட்ஸின்படி திருத்தப்படுகிறது. ஆகவே அந்த ஏழு விடைகளும் சரி. அவளுக்கும் ஜோசப் ஆனந்துக்கும் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. சரியான விடைகள் ஒத்துப்போவது எந்த முறைப்படியும் குற்றமில்லை.

கொளஞ்சி ஒரு தட்டச்சுத் தாளை அவள் முன்னால் வைத்தார். மூன்றாவது அத்தியாயத்தைச் சார்ந்த ஏழு கணக்குகளையும் தானே சரிபார்த்ததாகவும், நோட்ஸில் உள்ள விடைகளே சரியானவை எனத் தெளிவடைந்ததாகவும், மாணவி மனநிறைவுடன் கையெழுத்திட வேண்டும். அதுவரை காப்பிப் புகார் முடிந்ததாகாது.

"நோட்ஸ் தப்புன்னுதானே சார் இவ்ளோ நேரம் காட்டினேன்" என்றாள்.

"இல்லம்மா. நீ காப்பி அடிக்கலைன்னு காட்டினே. அது வேற, இது வேற" என்றார் சூசைநாதன். "தாக்கோர்?"

அவள் பேனாவை எடுக்கவில்லை. செம்மலுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அவன் அந்த ஏழையும் சரியாக, இல்லை, முன்பு சரியாக இருந்த மாதிரி எழுதியிருந்தானே.

"யார் அது செம்மல்?" என்றார் எழிலரசன். இரண்டு வருஷமாக அவன் அவர் வகுப்பில்தான் தூங்குகிறான். கொளஞ்சி பட்டியலைப் புரட்டிக் காட்டியதும், "நோட்ஸ் எழுதியிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

பதினாறில் ஏழு போனால் எவ்வளவு என்பதற்கு எந்த அத்தியாயமும் தேவையில்லை. அவனுடைய தாள் அவள் கையில்தான் இருந்தது, கசங்காமல் இருக்க நோட்டுக்குள் வைத்திருந்தாள். அவள் அதை வாங்கிக் கட்டத்தில் சேர்த்திருக்காவிட்டால் செம்மலை இந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது என்று ஒரு கணம் தோன்றியது. அதுவும் உண்மையில்லை. விடைக்குறிப்பு மாறினால் எல்லாத் தாளும் மாறும். அவளுக்கு இருந்தது இரண்டே வழி. ஒரு வழியில் அவன் தேறுவான், அவள் வீட்டில் இருப்பாள். அப்படியுமல்ல, கையெழுத்துப் போடாமல் போனாலும் விடைக்குறிப்பு மாறத்தான் போகிறது, அவளுடைய கையெழுத்து புத்தக வெளியீட்டுக்கு ஒரு மாலை மாதிரி. இதில் எது சரி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எது தனக்கு வசதியோ அதுவே சரியாகவும் தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது.

ஆயம்மா மகளின் கையில் இல்லாத பேனாவைப் பார்த்தாள். பக்கத்தில் நெருங்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இன்னாத்துக்கு நிக்கிற. போடு பாப்பா."

"எம்மா, இது பொய்ம்மா."

"இருந்துட்டுப் போவுது. உங்கக்கா வெரல நெனச்சுக்கினு போடு."

கலைமகள் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரையும் எழுதினாள். எழிலரசன் அதை வாங்கிப் பார்த்து, மனநிறைவுடன் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கால்புள்ளி வேண்டும் என்று சொல்லித் தானே போட்டுக்கொண்டார். ஜோசப் ஆனந்தின் மன்னிப்புக் கடிதத்தை என்ன செய்வது என்று கொளஞ்சி கேட்டார். இருக்கட்டும், எப்படியும் வேறு எதற்காவது தேவைப்படும் என்றார் முதல்வர்.

செவ்வாய்க்கிழமை திருத்திய பட்டியல் ஒட்டப்பட்டது. வகுப்புச் சராசரி ஏறியிருந்தது. துறைத் தலைவரின் முறையால் மாணவர் தரம் எவ்வாறு உயர்ந்தது என்று விளக்கும் ஒரு வரைபடமும் பக்கத்தில் இருந்தது. பலகை முன்னால் கூட்டம். கலைமகள் கூட்டத்துக்கு வெளியே நின்றாள். செம்மல் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தான். அவனுடைய விடைத்தாளை நீட்டினாள். அவன் அதைத் திருப்பிப் பார்த்தான், எங்கும் கசங்கவில்லை.

"உன்ன உட்டுட்டாங்களா?" என்றான்.

"ம்."

"அப்ப சரி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிச்சுக்கோ என்ற வார்த்தைதான் வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் அதற்குள் படி இறங்கிவிட்டான்.

அகமதிப்பீட்டில் பத்து எடுக்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. செம்மல் ஒன்பது.